மீட்புப் பாதையும் நடைப் பாதையும்: வான்கூவர் தீவின் மேற்குக் கரை வரலாறு

கனடா நாட்டின் மேற்கு விளிம்பில், பசிபிக் பெருங்கடலை ஒட்டித் தென்கிழக்கு வடமேற்காகச் சாய்ந்து கிடக்கும் நிலப்பரப்பு வான்கூவர் தீவு. ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் 100 கிலோமீட்டர் அகலமும் உடைய இத்தீவு, வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய தீவுகளுள் மிகப் பெரியது. தீவின் கிழக்குக் கரை பெருநிலத்தை நோக்கி அமைந்து அமைதி கொண்டது. ஊர்களும் வயல்களும் துறைமுகங்களும் அங்கேதான் செழித்தன. மேற்குக் கரையோ முற்றிலும் வேறானது. ஜப்பான் வரை இடையே நிலமின்றி விரிந்த கடலின் அலைகள் நேரே வந்து மோதும் பாறைக் கரை அது. கடலிலிருந்து எழும் முகில் மலைமுதுகில் முட்டி நின்று பொழிவதால், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடங்கள் அங்கு உண்டு. ஹென்டர்சன் ஏரிப் பகுதியில் 1997ஆம் ஆண்டு மட்டும் 9,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று.

நிலத்தைத் திணையாகப் பகுத்துக் காணும் மரபில் வந்தவர்க்கு இக்கரை ஒரு வியப்பு. இங்கே குறிஞ்சியும் நெய்தலும் நடுவில் முல்லைக்கும் மருதத்துக்கும் இடம் விடாமல் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மலையருவி ஆறாகி வயல் கண்டு கழி கண்டு கடல் சேர்வதில்லை. ட்சூசியாட் அருவி காட்டிலிருந்து வெளிப்பட்டு மணற்கரையின் மேலேயே விழுந்து, சில அடி தூரத்தில் உப்பு நீரில் கலந்துவிடுகிறது.

இன்று இக்கரை உலகெங்கும் அறியப்படுவது இயற்கை நுகர்ச்சியின் களமாக. பச்சீனா விரிகுடா முதல் கோர்டன் ஆற்று முகம் வரை 75 கிலோமீட்டர் நீளும் ‘மேற்குக் கரைப் பாதை’யில் முதுகுச் சுமையோடு நடந்து செல்ல ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். வடக்கே டோஃபினோவில் அலைச்சறுக்கு ஆடுவோர் திரள்கின்றனர். வசந்த காலத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் சாம்பல் திமிங்கலங்களைக் காணப் படகேறுவோர் பலர். குளிர்காலப் புயலைக் கண்ணாடிச் சாளரத்தின் பின்னிருந்து காண்பதற்கென்றே விடுதியில் தங்குவோரும் உளர். இவர்களுக்காக எழுதப்படும் பயண ஏடுகள் பெரும்பாலும் ஒரே தொடரைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்: மனித அடி படாத கானகம். இத்தொடர் வரலாற்றுக்கு ஒவ்வாதது. மேற்குக் கரைப் பாதையில் மனித அடி படாத இடம் என்று காட்டுவதற்கு அரிதாகவே எதுவும் உண்டு. இன்பத்துக்காக நடக்கும் இப்பாதை, முதலில் ஒரு மக்கள் கூட்டத்தின் ஊர்வழியாக இருந்தது. பின்னர்ப் பெருந்துயரம் ஒன்றின் விளைவாக மீட்புப் பாதையாயிற்று. அதன் பின்னரே நடைப் பாதையாயிற்று. முந்தைய இரண்டையும் மறந்துவிட்டு மூன்றாவதை மட்டும் போற்றுவது, உரையை வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைப்பது போன்றது.

மலையும் கடலும் நெடுக

இக்கரையில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருவோர் தம்மை நூ-சா-நுல்த் என்று அழைத்துக்கொள்கின்றனர். ‘மலையும் கடலும் நெடுக வாழ்வோர்’ என்பது அதன் கருத்து. பல குடிகளுக்குப் பொதுவான இப்பெயர் 1970களின் இறுதியில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் இரு நூற்றாண்டுக் காலம் அவர்கள் ‘நூட்கா’ எனப்பட்டனர். 1778ஆம் ஆண்டு மார்ச்சில் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் யூக்வாட் என்னும் ஊருக்கு அருகே வந்தபோது, ‘சுற்றிக்கொண்டு வாருங்கள்’ என்று கரையிலிருந்தோர் வழி காட்டிய சொல்லை ஊர்ப்பெயர் என்று கொண்டதால் வந்த வழக்கு அது என்பர். வழி சொன்னவர்களுக்கு வழிச்சொல்லே பெயராயிற்று. பாதையின் தென்பகுதியில் வாழும் டிடிடாட், பச்சீடாட் மக்களின் மொழி நூ-சா-நுல்த் மொழிக்கு உறவுடைய தனிமொழி. வடமுனையில் உள்ள ஹூ-ஏ-அட் மக்கள் நூ-சா-நுல்த் குடிகளுள் ஒருவர்.

செந்தேவதாரு மரமே இவர்தம் வாழ்வுக்கு அடிப்படை. அதன் நெடுமரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் ஏறித் திறந்த கடலுக்குச் சென்று திமிங்கலம் வேட்டையாடினர். பலகை பிளந்து பெருமனை கட்டினர். உட்பட்டையை உரித்து அடித்து மென்மையாக்கி ஆடையும் பாயும் கூடையும் முடைந்தனர். மரத்தைச் சாய்க்காமல் ஒரு பக்கத்துப் பட்டையை மட்டும் நீளவாக்கில் உரித்தெடுப்பது இவர்தம் வழக்கு. அவ்வாறு உரிக்கப்பட்ட வடுவோடு உயிர்த்து நிற்கும் பழமரங்களைப் பாதையோரத்தில் இன்றும் காணலாம். காட்டைக் கன்னிநிலம் என்று வியந்து போகிறவர் கண்ணுக்கு அது மின்னல் பட்ட வடுவாகத் தோன்றக் கூடும். அறிந்தவர்க்கு அது கையெழுத்து. ஊருக்கும் ஊருக்கும் இடையே கடல் அடங்கிய நாளில் ஓடமும், சீறிய நாளில் கரைவழியும் பயன்பட்டன. பிற்காலத்துப் பாதைகளுக்கெல்லாம் இக்கரைவழியே முன்னோடி.

எழுத்தில்லா மக்களின் வரலாறு நம்பத்தகாதது என்னும் எண்ணம் கல்வியுலகில் நெடுங்காலம் நிலவியது. அவ்வெண்ணத்தைத் தகர்க்கும் சான்று ஒன்று இப்பாதை தொடங்கும் பச்சீனா விரிகுடாவிலேயே கிடைக்கிறது. குளிர்கால இரவொன்றில் மக்கள் உறங்கச் சென்ற வேளையில் நிலம் நடுங்கியது; பின் கடல் எழுந்து வந்து விரிகுடாவின் ஊரை முழுதும் கொண்டுபோயிற்று; மேட்டு நிலத்தில் இருந்த மனையினர் மட்டும் பிழைத்தனர் என்று ஹூ-ஏ-அட் மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர். அக்குடியின் முதியவர் ஒருவர் 1964இல் கூறிய வடிவம் பதிவும் செய்யப்பட்டுள்ளது. இதைப் பழங்கதை என்றே பலரும் கொண்டனர். ஆயின் ஜப்பானியக் கடற்கரை ஊர்களின் ஆவணங்களில், நில நடுக்கம் ஏதும் உணரப்படாமலே கடல் பொங்கி வந்து வீடுகளை அழித்த செய்தி ஒன்று 1700ஆம் ஆண்டு சனவரிக்குரிய நாளில் குறிக்கப்பட்டிருந்தது. தாயற்ற அந்தப் பேரலையின் பிறப்பிடத்தை ஜப்பானிய ஆய்வாளர் 1996இல் கணித்தபோது, அது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1700 சனவரி 26 இரவு நிகழ்ந்த, ஏறத்தாழ 9 அளவுடைய பெருநடுக்கம் என்பது வெளிப்பட்டது. உப்பு நீர் புகுந்து பட்டுப்போன தேவதாரு மரங்களின் ஆண்டு வளையங்களும் அதே குளிர்காலத்தைச் சுட்டின. இரவு, குளிர்காலம், முதலில் நடுக்கம், பின்பு கடல் என்று வாய்மொழி காத்த செய்தி ஒவ்வொன்றும் உண்மையாயிற்று. கேட்டோர் நெஞ்சில் மட்டும் வாழ்ந்த ஒரு கூற்று முந்நூறு ஆண்டு சிதையாமல் நின்றது, செவிவழி இலக்கியத்தின் வன்மையை அறிந்த கவிஞர்க்குப் புதுமையன்று, நிலவியலார்க்குத்தான் புதுமை.

உடைந்த கலங்கள்

ஐரோப்பியர் வருகையின் முதல் விளைவு கடல்நீர்நாயின் அழிவு. அதன் மென்மயிர்த் தோலுக்குச் சீனச் சந்தையில் கிடைத்த விலை, ஆங்கிலேயரையும் ஸ்பானியரையும் அமெரிக்கரையும் இக்கரைக்கு ஈர்த்தது. யூக்வாட் துறை யாருக்கு உரியது என்ற பூசலில் 1790இல் இங்கிலாந்தும் ஸ்பெயினும் போரின் விளிம்பு வரை சென்றன. துறைக்கு உரியவரான மக்வின்னா என்னும் தலைவரின் கருத்தை அவ்வரசுகள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வணிகரோடு வந்த அம்மை முதலிய கொள்ளைநோய்கள் ஊர்களை வெறுமையாக்கின. 1849இல் தீவு ஆங்கிலேயக் குடியேற்ற நாடாயிற்று. 1880களில் அளந்து ஒதுக்கப்பட்ட குடிநிலங்கள் மிகச் சிறியவை. மீன் பிடித்து வாழ்வோர்க்கு நிலம் எதற்கு என்பதே அன்றைய அதிகாரிகளின் வாதம். ‘ஆளில்லாத கானகம்’ இவ்வாறுதான் உருவாயிற்று.

ஹுவான் டி ஃபூக்கா நீரிணையின் வாயிலில் கப்பல்கள் பெருகிய காலத்தில், மூடுபனியாலும் வடக்கு நோக்கி இழுக்கும் நீரோட்டத்தாலும் திசை தவறியவை பல. அவை தீவின் மேற்குக் கரைப் பாறையில் மோதி உடைந்தன. ‘பசிபிக்கின் இடுகாடு’ என்று மாலுமிகள் இக்கடற்பகுதிக்குப் பெயரிட்டனர். 1869இல் ஜான் பிரைட் என்னும் கலம் ஹெஸ்கியாட் ஊருக்கு அருகே உடைந்து ஒருவரும் பிழைக்காதபோது, கரை சேர்ந்தோரை அவ்வூரார் கொன்றனர் என்று விக்டோரியா நகரில் வதந்தி எழுந்தது. போர்க்கப்பல் அனுப்பப்பட்டது. அனியெட்சாகிஸ்ட், கட்கின்னா என்னும் இருவர் விக்டோரியாவில் விசாரிக்கப்பட்டு, மீண்டும் ஹெஸ்கியாட்டுக்கே கொண்டுவரப்பட்டு, உறவினர் கண்முன் தூக்கிலிடப்பட்டனர். குற்றமற்றோர் கொல்லப்பட்டனர் என்றே அம்மக்கள் தலைமுறைதோறும் கூறி வந்தனர். 2012இல்தான் மாநில அரசு அவ்வூருக்கு வந்து வருத்தம் தெரிவித்தது. கலம் உடைந்த வரலாற்றை வீரக்கதையாக மட்டும் எழுதுவோர் இந்த 143 ஆண்டுக் காத்திருப்பையும் உடன் எழுதுதல் வேண்டும்.

கடலோர விளக்கங்களையும் விக்டோரியாவையும் இணைக்க 1889இல் தந்திக்கம்பி இழுக்கும் பணி தொடங்கியது. மரத்துக்கு மரம் கட்டிய ஒற்றைக் கம்பி அது. புயலில் மரம் சாய்ந்தால் கம்பி அறும். அறுந்ததைத் தேடிச் சென்று முடிய ஆங்காங்கே குடிசையில் பணியாளர் இருந்தனர். அவர்கள் நடந்த தடமே பாதையின் அடுத்த படிநிலை.

வலென்சியா

1906 சனவரி 20ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சியாட்டிலுக்குப் புறப்பட்ட வலென்சியா என்னும் நீராவிக் கப்பலில் 170க்கும் மேற்பட்டோர் இருந்தனர். மோசமான வானிலையில் கரையும் விண்மீனும் காணாமல் கணக்கை மட்டும் நம்பிச் சென்ற கப்பல் நீரிணையின் வாயிலைக் கடந்து வடக்கே போய்விட்டது. 22ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன், பச்சீனா முனைக்கு அருகே கரையோரப் பாறையில் மோதிற்று. இறக்கப்பட்ட படகுகள் பெரும்பாலும் கவிழ்ந்தன அல்லது பாறையில் சிதறின. எஞ்சியோர் பாய்மரக் கயிறுகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒன்றரை நாள் தொங்கினர்.

இத்துயரத்தின் கொடுமை தொலைவில் இல்லை, அண்மையில் இருந்தது. கரையும் அதன் பின் செங்குத்தான மேடும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நின்றன. கப்பலிலிருந்து கயிறு எய்யும் துப்பாக்கியால் மேட்டை நோக்கிக் கயிறு எய்யப்பட்டது. அதைப் பற்றி இழுத்து மரத்தில் கட்ட மேலே ஒருவரும் இல்லை. முன்பே எப்படியோ கரையேறிய ஒன்பது பேர், தந்திக்கம்பியைக் கண்டு அதைப் பின்பற்றி வேறு திசையில் நடந்து, பணியாளர் குடிசை ஒன்றை அடைந்து செய்தி சொன்னார்கள். அவர்கள் திரும்பி மேட்டுக்கு வந்திருந்தால் கயிற்றைப் பற்றியிருக்கலாமே என்று பின்னாளில் பழித்தோர் உண்டு. நனைந்து நடுங்கி, ஊர் எங்கே என்று அறியாமல், ஆளுயரப் புதரில் வழி தேடியவர்களை அவ்வாறு பழிப்பது அறமாகாது. செய்தி அறிந்து க்ளோ-ஊஸிலிருந்து தந்திப் பணியாளர் டேவிட் லோகன் முதலிய மூவர் காட்டாறுகளைக் கடந்து மேட்டை அடைந்தபோது 24ஆம் நாள் ஆகிவிட்டது. எய்த கயிறு அறுந்து கிடந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பேரலை ஒன்று கப்பலை உடைத்து, மேலிருந்தோரை வாரிக்கொண்டு போயிற்று. உதவிக்கு வந்த கப்பல்களும் கடலின் சீற்றத்தால் அணுக முடியாமல் நின்றன. தப்பியவர் 37 பேர். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூட உயிர் தப்பவில்லை. அக்கப்பலின் உயிர்காப்புப் படகுகளுள் ஒன்று 1933இல் பார்க்லி கடற்கழியில் மிதந்துகொண்டிருந்தது கண்டெடுக்கப்பட்டது. கழியின் மூலைகளில் 27 ஆண்டுகள் அது எங்கே ஒதுங்கிக் கிடந்தது என்பதைக் கடல்தான் அறியும்.

பீல் முனை விளக்கத்தின் காவலர் மனைவி மின்னி பேட்டர்சனின் பெயர் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வலென்சியாவின் படகொன்றில் தப்பி விளக்கத்தை வந்தடைந்த சிலருக்குச் சோறும் உடையும் அளித்துப் பேணியவர் அவர். அதே ஆண்டு திசம்பரில் கொலோமா என்னும் பாய்க்கப்பல் புயலில் சிதைந்து பாறையை நோக்கி அடித்து வரப்படுவது விளக்கத்திலிருந்து தெரிந்தது. தந்திக்கம்பி அறுந்திருந்தது. கணவர் விளக்கையும் ஊதுகொம்பையும் விட்டு அகல முடியாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, நாயொன்று துணையாக, சேற்றில் புதையாதிருக்கக் கணவரின் மென்செருப்பை அணிந்துகொண்டு, சாய்ந்த மரங்களுக்கு இடையே பாம்ஃபீல்டு வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்தார். அவர் கொண்டுசேர்த்த செய்தியால் குவாட்ரா என்னும் அரசுக் கப்பல் விரைந்து, கொலோமாவின் மாலுமிகள் அனைவரையும் காப்பாற்றியது. அவர் அன்றே வீடு திரும்பினார். குழந்தை காத்திருக்கும் என்பது காரணம். 1911இல் காசநோயால் மறைந்தார். இயற்கையை வெல்வது பற்றியும் தன்னைச் சோதிப்பது பற்றியும் இன்றைய நடைப்பயண நூல்கள் நிறையப் பேசுகின்றன. இக்காட்டில் நடந்தவருள் மிகச் சிறந்தவர் இரண்டில் எதையும் எண்ணி நடக்கவில்லை.

வலென்சியாவின் அழிவை ஆராய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் குழு அமைத்தார். கனடிய அரசு 1907 முதல் செயலில் இறங்கியது. பச்சீனா முனையில் புதிய விளக்கம் எழுந்தது. பாம்ஃபீல்டில் உயிர்காப்புப் படகு நிலையம் அமைந்தது. தந்தித் தடம் அகலப்படுத்தப்பட்டு ‘உயிர்மீட்புப் பாதை’ ஆயிற்று. நிலத்தின் கடுமையால் அதன் தென்பகுதி ஒற்றையடிப் பாதையாகவே நின்றுவிட்டது. வழியில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒன்றாக அமைந்த குடில்களில் போர்வையும் உணவும் தொலைபேசியும் வைக்கப்பட்டன. கடலில் உடைந்து வருகிறவர் எந்நாட்டவர் என்று கேளாமல் அவை திறந்தே கிடந்தன.

தமிழ் வாசகர்க்கு இந்த நீரிணை வேறொரு காரணத்தாலும் நினைவில் இருக்கக் கூடும். ஈழப் போர் முடிந்த 2009ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஓஷன் லேடி’ என்னும் கப்பலில் 76 தமிழரும், 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ என்னும் கப்பலில் குழந்தைகள் உட்பட 492 தமிழரும் இதே கடல்வழியாக வான்கூவர் தீவை வந்தடைந்தனர். பின்னதில் வந்த ஒருவர் வழியிலேயே இறந்துபோனார். வந்தோர் காவலில் வைக்கப்பட்டனர். பலருடைய காவல் மாதக்கணக்கில் நீண்டது. மீட்புக் குடில்களின் காலம் அப்போது முடிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

நடைப் பாதை

முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, க்ளோ-ஊஸ் ஊரைப் பெரிய கடற்கரை உல்லாச நகராக்கப் போவதாக விளம்பரம் செய்து மனை விற்றார்கள் சில வணிகர். துறையே இல்லாத அந்த ஊரில் அலைக்கு நடுவே ஓடத்தில் இறங்கியவர் கண்டது காடும் மழையுமே. போர் வந்தது, வாங்கியவருள் பலர் போருக்குப் போயினர், திட்டம் மடிந்தது. இக்கரையை இன்பத்துக்காக விற்கும் முதல் முயற்சி இவ்வாறு முடிந்ததை ஒரு நகைச்சுவைத் துணுக்காகக் கொள்ளலாம்.

கப்பல்களில் ரேடார் முதலிய கருவிகள் வந்த பின் உயிர்மீட்புப் பாதைக்குத் தேவை குறைந்தது. 1950களில் அரசு அதைப் பேணுவதைக் கைவிட, காடு அதை மூடத் தொடங்கியது. மூடிய பாதையை 1960களில் இளைஞர் சிலர் தேடி நடந்தனர். மரம் வெட்டும் நிறுவனங்கள் கரையை நெருங்கி வந்த காலம் அது. பாதையில் நடப்பதே காட்டைக் காக்கும் வாதமாயிற்று. 1970இல் பசிபிக் விளிம்புத் தேசியப் பூங்காவுக்கான உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர்ப் பாதையும் அதன் பகுதியாகிச் செப்பனிடப்பட்டது. பூங்காவின் முழுப்பெயரில் ‘ஒதுக்கிடம்’ என்னும் சொல்லும் உண்டு. இந்நிலத்தின் மீது பழங்குடியினர்க்கு உள்ள உரிமை தீர்க்கப்படாமல் இருப்பதை அரசே ஒப்புக்கொள்ளும் சொல் அது. நடைப்பயணிகளுள் அச்சொல்லைப் பொருள் உணர்ந்து படிப்போர் குறைவு.

பாதை எளிதன்று. நூற்றுக்கும் மேற்பட்ட ஏணிகள், பாலங்கள், ஆற்றின் குறுக்கே கம்பியில் தொங்கி ஓடும் கைவண்டிகள் ஆகியவற்றைக் கடக்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். கடற்கரைப் பாறைத் தளத்தில் நடக்கும் இடங்களில் ஓத ஏற்ற அட்டவணை கையில் இல்லாதவர் பாறைக்கும் நீருக்கும் இடையே சிக்கிக்கொள்வர். பாறையை அறுத்து உள்ளே பாயும் கடல்வாய்க்கால்களில் தவறி விழுந்தோர் உண்டு. ஆண்டுதோறும் கால் முறிந்தும் குளிரால் விறைத்தும் படகிலோ ஹெலிகாப்டரிலோ மீட்கப்படுவோர் பலர். மீட்புக்கென எழுந்த பாதையில் இன்பத்துக்கென வந்தோரை மீட்க வேண்டியதாயிற்று. கூட்டம் மிகுந்ததால் 1992 முதல் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்னும் வரையறை ஏற்பட்டது. மே முதல் செப்டம்பர் வரை மட்டுமே பாதை திறந்திருக்கும். மிச்சிகன் ஓடை, வலென்சியா மேடு எனப் பாதையோர இடங்கள் பலவற்றுக்கு உடைந்த கலங்களின் பெயரே வழங்குகிறது. 1893இல் உடைந்த மிச்சிகனின் கொதிகலன் ஓதம் வற்றும் நேரத்தில் துருவேறித் தலைகாட்டும். அதன் அருகே கூடாரமிட்டுச் சோறாக்கி உண்கின்றனர்.

பாதை காக்கப்பட்டதே தவிர, அதன் பின்னிருந்த காடு காக்கப்படவில்லை. 1988இல் கார்மனா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 95 மீட்டர் உயரமுள்ள சிட்கா ஸ்புரூஸ் மரத்தை ராண்டி ஸ்டோல்ட்மன் என்னும் இளைஞர் உலகறியச் செய்தார். வெட்டத் திட்டமிட்டிருந்த அக்காட்டுக்குள் தொண்டர்கள் நடைவழி அமைத்தனர். 1989இல் ஓவியர் பலர் அங்கே சென்று வரைந்த படங்கள் நூலாயின. 1990இல் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி பூங்காவாயிற்று. 1995இல் அது விரிந்தது. ஒரு காட்டின் தலைவிதியைத் தூரிகை மாற்றிய நிகழ்ச்சி என்று இதைக் கூறினால் மிகையாகும். தூரிகைக்கும் அதில் பங்குண்டு என்றால் மிகையன்று. ஸ்டோல்ட்மன் 1994இல் பனிமலைப் பயணமொன்றில் பனிச்சரிவில் இறந்தார்.

பழங்குடியினரின் போராட்டம் இதற்கும் முந்தியது. 1984இல் ட்லா-ஓ-கொயட் மக்கள் மீர்ஸ் தீவைத் தம் குடிப்பூங்கா என்று அறிவித்து, மரம் வெட்ட வந்தவரைக் கரையிலேயே தடுத்தனர். அடுத்த ஆண்டு நீதிமன்றம் வெட்டுதலை நிறுத்தி வைத்தது. 1993 கோடையில் கிளாக்வாட் கடற்கழிப் பகுதியில் சாலையை மறித்து நின்றோருள் 800க்கும் மேற்பட்டோர் கைதாயினர். அப்பகுதியின் பழங்காட்டில் ஏறத்தாழ 76,000 ஹெக்டேருக்குப் பாதுகாப்பு அளிப்பதாக மாநில அரசு அறிவித்தது 2024இல். இடைப்பட்ட காலம் 31 ஆண்டு.

ஆயினும் மரத்தைக் காப்போரும் மண்ணுக்கு உரியோரும் எப்போதும் ஒரே குரலில் பேசினர் என்று எழுதிவிடுவது எளிமைப்படுத்தலாகும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பச்சீடாட் நிலத்தில் ஃபேரி ஓடைக் காட்டைக் காக்க நடந்த மறியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அக்குடியின் தலைமையோ, தம் காட்டைப் பற்றிய முடிவைத் தாமே எடுப்பதாகவும் மறியல் செய்வோர் வெளியேற வேண்டும் என்றும் கூறியது. அதே குடியின் மூத்தோர் ஒருவர் மறியலாரை ஆதரித்து நின்றார். 2021 சூனில் பச்சீடாட், டிடிடாட், ஹூ-ஏ-அட் ஆகிய மூன்று குடிகளும் ‘எல்லாம் ஒன்றே’ என்னும் பொருள்படும் தம் முதுமொழியைத் தலைப்பாகக் கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டு, பழங்காடு வெட்டுதலை ஈராண்டு நிறுத்தி வைக்கச் செய்தன. பணிந்து கேட்கும் கோரிக்கையாக அது எழுதப்படவில்லை. உரியவர் அறிவிப்பாகவே எழுதப்பட்டது.

பாதையிலும் இம்மாற்றம் காணக் கிடைக்கிறது. 1990களின் நடுப்பகுதி முதல் மூன்று குடிகளையும் சேர்ந்த காவலர் பாதையின் வெவ்வேறு பகுதிகளைப் பேணுகின்றனர். ஏணி பழுது பார்ப்பதும் பலகை இடுவதும் வழிப்போக்கர்க்கு ஊரின் கதை சொல்வதும் அவர் பணி. வடக்கே பூங்காவின் மற்றொரு பகுதியில் 2022இல் திறக்கப்பட்ட புதிய வழிக்கு ‘அப்ஸ்சீக் தாஷீ’ என்று நூ-சா-நுல்த் மொழியிலேயே பெயரிட்டனர். பாதையில் சரியான திசையில் செல்லுதல் என்பது அதன் கருத்து. குக்கின் காலத்தில் பிழையாகக் கேட்கப்பட்ட வழிச்சொல்லுக்குப் பின் 244 ஆண்டு கழித்து, ஒரு வழிச்சொல் சரியாகக் கேட்டு எழுதப்பட்டிருக்கிறது.

மேற்குக் கரைப் பாதையின் நடுவில் நிட்டினாட் ஏரி கடலோடு கலக்கும் குறுவாய் இருக்கிறது. ஓத நீர் ஆறு போல் சுழித்து ஓடும் இடம், பாலம் இல்லை. வாயின் ஓரத்தில் வையாக் என்னும் டிடிடாட் பழவூர் இருந்தது. அம்மக்கள் 1960களில் ஏரியின் தலைப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்தனர். நடைப்பயணிகளை அக்கரை சேர்ப்பது இன்றும் டிடிடாட் மக்களின் படகே. சுமையை இறக்கி வைத்துவிட்டு மரத்துறையில் அமர்ந்து படகுக்காகக் காத்திருப்பவர்க்கு, அங்கேயே பிடித்த நண்டை அவித்து விற்கின்றனர். மாலையில் படகு நின்றுவிடும். நேரம் தவறி வந்தவர் மறுநாள் காலை வரை இக்கரையிலேயே தங்க வேண்டும்.